பச்சைப் புள்ளி

2021ஆம் வருஷம், மழைக்கு முந்தைய ஒரு மத்தியானம். மணி மூன்று இருக்கும். செஞ்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் என் லேப்டாப் திறந்து கிடக்கிறது. மவுஸுக்கு அடியில் அப்பாவின் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரம். நான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆப்டிகல் மவுஸுக்கு அடியில் முள் ஓடும் கடிகாரத்தை வைத்தால், செகண்ட் முள் நகர்வதைத் தன்னுடைய அசைவென்று மவுஸ் எடுத்துக்கொள்ளும். திரையில் அம்புக்குறி லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். கணினி உறங்காது. அலுவலக சாட்டில் நம் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகாது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் மேனேஜருக்கு நான் செஞ்சியில் விழித்திருப்பதாகத் தெரியும்.

அப்பா வாட்ச்சைத் தேடி வீடு முழுக்கப் புரட்டிப் போட்டுவிட்டுக் கடைசியில் முன்னறைக்கு வந்திருக்கிறார். என்னை எழுப்பி, "இது இன்னாடா இங்க பண்ணுது?" என்றார். தூக்கக் கலக்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. வாட்ச்சை எடுத்து, சாவி கொடுத்து, கையில் கட்டிக்கொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் கேட்டார்.

"அப்போ உங்க ஆபீஸ்ல வேலைய யாரும் பாக்கறதில்லையா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் "பாப்பாங்கப்பா" என்றேன். அதைவிடச் சரியான பதில் அன்றைக்கு என்னிடம் இல்லை.

*

அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நெல் மண்டியில் எடை போட்டவர். தை, மாசியில் செஞ்சிப் பக்கம் வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள், சாலையோரமெல்லாம் மூட்டை ஏற்றிய டிராக்டரும் மினி லாரியுமாக நிற்கும். விவசாயி மூட்டையை இறக்குவார். வியாபாரிகள் நெல்லை உள்ளங்கையில் அள்ளி, தேய்த்து, உமி ஊதி, அரிசியைக் கடித்துப் பார்த்து விலை வைப்பார்கள். விலை படிந்த பிறகு எடை. மூட்டைக்கு 75 கிலோ. ஒரு மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகப் போனால் நூறு மூட்டைக்கு ஒன்றேகால் மூட்டைக்கு மேல் போய்விடும். நாலு மாத உழைப்பில் அது சின்ன விஷயமில்லை.

எலக்ட்ரானிக் தராசு வந்தபோது அதில் அப்பாவுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றுதான். எண்பலகை ஒரு பக்கம்தான் தெரியும். அதை விவசாயியும் வியாபாரியும் சேர்ந்தாற்போல் பார்க்கும்படி சாய்த்துத் திருப்பி வைப்பது அவருடைய பழக்கம். தெரிந்தவர் ஒருத்தர், "நீ போடுய்யா, நான் போய் டீ சாப்ட்டு வர்றேன், உன்ன நம்ப மாட்டனா?" என்று கிளம்பினாராம். அப்பா தராசை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார். "என்ன நம்பாத. வந்து நம்பரப் பாரு."

இந்தக் கதையை அவர் பெருமைக்காகச் சொன்னதில்லை. அந்த ஆள் டீ குடித்துவிட்டு வரும்வரை தான் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும் அதனால் அன்று இருட்டும்வரை வேலை இழுத்ததாகவும் புலம்பலாகத்தான் சொல்வார்.

*

2020 மார்ச் மூன்றாவது வாரம் ஒரு பையோடு ஊருக்கு வந்தேன். 24ஆம் தேதி இரவு ஊரடங்கு அறிவிப்பு. அடுத்த வாரம் போய்விடலாம் என்று நினைத்தவன் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தேன். அதுவரை இந்திய ஐடி துறையில் வீட்டிலிருந்து வேலை என்பது அனுமதி கேட்டு வாங்குகிற சலுகை. கால் சென்டர், பிபிஓ மாதிரியான நிறுவனங்களுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கட்டுப்பாடுகள் வேறு. 2020 நவம்பரில் அந்த விதிகளைத் தளர்த்தினார்கள். அந்த வருஷம்தான் டிசிஎஸ், 2025க்குள் தன் ஊழியர்களில் 25 சதவீதம் பேருக்கு மேல் எந்த நேரத்திலும் அலுவலகத்தில் இருக்கத் தேவையிருக்காது என்று அறிவித்தது. எங்களுக்கெல்லாம் அது ஒரு யுகம் மாறிவிட்ட மாதிரி இருந்தது. இன்ஜினியரிங் முடித்தால் ஊரைவிட்டுப் போயாக வேண்டும் என்கிற, யாரும் கேள்வி கேட்காத விதி ஒரே ராத்திரியில் ரத்தானது. செஞ்சிக்கு ரயில்கூட இல்லை. ஆனால் கேபிள்காரர் ஒரு ஃபைபர் வயரை மாடி வழியாக இழுத்துக் கொடுத்ததும் நான் அமெரிக்காவில் இருக்கும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குள் நேராக நடந்து போக முடிந்தது.

அம்மா மட்டும் தெளிவாக இல்லை. சிலிண்டரை நகர்த்தச் சொல்வதற்கு முன்னால், கதவுப் பக்கம் நின்று மெதுவாகக் கேட்பார்: "இப்போ நீ வீட்ல இருக்கியா, ஆபீஸ்ல இருக்கியா?" இதைவிடச் சுருக்கமாக அந்த இரண்டு வருஷத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் போனால் அது பொய்யாகிவிடும். அந்த ஊரடங்கிலும் நெல் அறுத்தாக வேண்டும், மூட்டை ஏறியாக வேண்டும். அப்பா முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டிக்குப் போனார். எதிர்வீட்டு அக்கா அரசு மருத்துவமனையில் செவிலியர். வீட்டுக்கு வந்தால் பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுவார். வீட்டிலிருந்து வேலை என்பது எங்கள் தெருவில் எனக்கு மட்டும்தான். வேலை செய்யும் உரிமையைப் பற்றியெல்லாம் நாங்கள் இணையத்தில் எழுதிக் குவித்தபோது, தெருவில் ஒருத்தரும் அதை உரிமை என்று எடுத்துக்கொள்ளவில்லை. "குடுத்து வச்சவன்" என்றார்கள். எனக்கு அது குத்தியது. இப்போதும் குத்துகிறது. ஆனால் அதனாலேயே என் கேள்வி இல்லாமல் போய்விடாது.

*

கேள்வி இதுதான். அந்த மத்தியானத் தூக்கம் திருட்டா?

அன்றைய வேலையை நான் காலை ஏழிலிருந்து பன்னிரண்டுக்குள் முடித்திருந்தேன். அலுவலகத்தில் அதே வேலைக்கு எட்டு மணி நேரம் ஆகும். நடுவில் இரண்டு டீ, மூன்று மீட்டிங், யாரோ ஒருவருடைய ஆன்சைட் கனவுகள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வரும் அமெரிக்க அழைப்புகளுக்கு யாரும் கணக்கு வைத்ததில்லை. அப்படியிருக்க, மூன்று மணித் தூக்கத்துக்கு மட்டும் ஏன் கணக்கு? எனக்குச் சம்பளம் மணிக்கா, வேலைக்கா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரைத் திரும்ப எடுத்துப் படித்தேன். அதில் இரண்டும் இருந்தது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்றும் இருந்தது, பணியின் தேவைக்கேற்ப அதற்கு மேலும் என்றும் இருந்தது. அதாவது கீழ் எல்லை மணிக்கணக்கில், மேல் எல்லை வேலைக்கணக்கில். நல்ல தராசு!

2022இல் மூன்லைட்டிங் பிரச்சினை வெடித்து, விப்ரோ 300 பேரை வேலையைவிட்டு எடுத்ததாக அதன் தலைவர் சொன்னபோது எங்கள் வாட்ஸப் குழுக்களில் நடந்த சண்டையும் இதே கேள்விதான். என் நேரம் யாருடையது? போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்வது தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தைத் தொடாமல் சுற்றிப் போனார்கள் என்று பட்டது. அப்பாவின் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை.

என் முடிவைச் சொல்கிறேன். தூக்கம் திருட்டில்லை. வாட்ச் பொய். இரண்டும் வேறு வேறு. வேலையை முடித்துவிட்டுத் தூங்குகிறவன் யாருடையதையும் எடுக்கவில்லை. ஆனால் விழித்திருப்பதாகக் காட்டிக்கொள்கிறவன், தான் ஒப்புக்கொள்ளாத ஒரு தராசில் போலிக் கல்லை வைக்கிறான். "தராசே தப்பு, அதனால் வைத்தேன்" என்று சொல்லலாம். சொன்னேன், எனக்கு நானே, பல முறை. தராசு தப்பென்றால் அதை உரக்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. போலிக் கல் வைத்திருக்கிறவனுக்குத் தராசைப் பற்றிப் புகார் சொல்லும் வாய் அடைத்துப்போகும். அதுதான் எனக்கு நடந்தது. 2024இல் அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை அசைவைப் போலியாக உண்டாக்கியதற்காகப் பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது என்று படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. வயிற்றில் ஒரு சின்னச் சில்லிப்புதான் வந்தது.

சரி, ஏன் இப்படியொரு தராசு? முதலாளிகளின் ஆணவம், ரியல் எஸ்டேட், அதிகார போதை என்று காரணங்கள் அடுக்கலாம். கொஞ்சம் உண்மையும் இருக்கும். தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பதுதான் எல்லா மேனேஜர்களின் உள்மன நம்பிக்கை. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு சங்கடமான உண்மை இருக்கிறது. எங்கள் வேலைக்கு எடை கிடையாது. எழுதிய வரிகளை எண்ணலாமா? என் பத்து வருஷத்தில் நான் செய்த மிக நல்ல வேலை, யாரோ எழுதிய ஒரு பெரிய மாட்யூலை அழித்தது. முடித்த டிக்கெட்டுகளை எண்ணலாமா? ஒரு டிக்கெட்டை நாலாக உடைக்கத் தெரியாதவன் யார்? ஸ்டோரி பாயின்ட் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது மரியாதை.

நெல்லை எடை போட முடியாவிட்டால் மூட்டை சுமக்கிறவனை எடை போடுவார்கள். அதுதான் நடந்தது. 25 சதவீதம் என்று சொன்ன டிசிஎஸ் 2023 அக்டோபரிலிருந்து வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. 2024இல் ஊக்கத்தொகையை வருகைப்பதிவோடு இணைத்தது. இன்ஃபோசிஸ் 2025 மார்ச்சிலிருந்து குறிப்பிட்ட நிலைக்குக் கீழே உள்ளவர்கள் மாதம் பத்து நாளாவது வர வேண்டும் என்றது. அமேசான் 2025 ஜனவரியில் ஐந்து நாளுக்குத் திரும்பியது. உடம்பு வாசலைத் தாண்டியதா என்பதை மட்டும் தப்பில்லாமல் எண்ண முடியும்.

இதில் எங்கள் பக்கத்து அயோக்கியத்தனமும் உண்டு. உடம்பை எண்ணாதே, வேலையைப் பார் என்கிறோம். சரி, வேலையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டால் அதற்கும் முறைக்கிறோம். படைப்பூக்கம், சிக்கலான பிரச்சினை, எண்ணிக்கையில் அடங்காது என்கிறோம். எனக்கு எந்தத் தராசும் வேண்டாமென்பதுதான் உள்ளே இருந்த ஆசை. என்னை நம்பு, அவ்வளவுதான். அப்பா டீ குடிக்க அனுப்ப மறுத்த அந்த ஆளின் இடத்தில் முதலாளியை உட்கார வைக்கப் பார்த்தேன்.

*

கண்காணிப்பு என்றதும் இந்த இடத்தில் ஃபூக்கோவைக் கூப்பிடுவது நம் சிற்றிதழ் வழக்கம். செஞ்சிக்காரனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மொட்டை மாடியில் நின்றால் ராஜகிரி தெரியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. ஊரில் பலருக்குக் குழப்பம். எங்களுக்குச் செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன்தான். 1714இல் ஆற்காட்டு நவாபோடு சண்டை போட்டுச் செத்தவன், அவன் குதிரை, அவன் சிநேகிதன். மராட்டியர் எங்கிருந்து வந்தார்கள்?

வந்தது ஓடி வந்ததுதான். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து வைத்திருந்தார். 1689இல் அவுரங்கசீப் சம்பாஜியைக் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் பன்ஹாலாக் கோட்டையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி, தெற்கே நூற்றுக்கணக்கான மைல் கடந்து, அந்த வருஷக் கடைசியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த எட்டு வருஷம் மராட்டிய அரசாங்கத்தின் தலைமையிடம் இதுதான். ராஜா இங்கே, நாடு அங்கே. நடுவில் மொகலாயப் படை. ஒரு கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும், போய்ச் சேர்ந்தால். அவர் செய்தது, ராமச்சந்திர பந்த் அமாத்யருக்கு ஹுகூமத்பனா என்று ஒரு பட்டம் கொடுத்து, தன்னைக் கேட்காமலே தன் பெயரில் முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தந்ததுதான். சந்தாஜியும் தனாஜியும் தங்கள் கணிப்பில் படை நடத்தினார்கள்.

மலைக்கு இந்தப் பக்கம் இப்படி. அந்தப் பக்கம் 1690இலிருந்து முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்த சுல்ஃபிகர் கான். அவருக்கு மேலே தக்காணத்தில் பாசறையிட்டிருந்த அவுரங்கசீப். மொகலாய நிர்வாகத்தில் வாகியா நவீஸ் என்று ஒரு பதவி. தளபதி என்ன செய்கிறார் என்பதைத் தளபதியைத் தாண்டி பாதுஷாவுக்கு எழுதி அனுப்பும் செய்தி எழுத்தர். அதாவது பச்சைப் புள்ளி. இத்தனை கண்கள் வைத்திருந்தும், முற்றுகைக்கு அனுப்பப்பட்ட பாதுஷாவின் சொந்த மகன் காம் பக்ஷ் ராஜாராமோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது தெரிந்து அவரைச் சுல்ஃபிகர் கானே காவலில் வைக்க வேண்டியிருந்தது. சந்தாஜியும் தனாஜியும் வந்து நெருக்கியபோது சுல்ஃபிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கினார். அவரே வேண்டுமென்று முற்றுகையை இழுத்தார் என்ற சந்தேகம் அன்றும் இருந்தது, இன்றும் வரலாற்றாசிரியர்களுக்கு இருக்கிறது. கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். அதற்குள் ராஜாராம் போய்விட்டார்.

பார்த்தாயா, கண்காணித்தவன் எட்டு வருஷம் வீணாக்கினான், நம்பியவன் பிழைத்தான் என்று முடித்துவிட ரொம்ப ஆசை. நானே டீக்கடையில் அப்படி முடித்திருக்கிறேன். ஆனால் ராஜாராம் பெருந்தன்மையால் நம்பவில்லை, வேறு வழியில்லாமல் நம்பினார். அந்த நம்பிக்கையும் எல்லாவற்றையும் சரிசெய்யவில்லை. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் மூண்ட பகையை அவரால் தீர்க்க முடியாமல், கடைசியில் சந்தாஜி கொல்லப்பட்டார். தூரத்திலிருந்து நம்புவதற்கும் ஒரு வேலை இருக்கிறது. அது சும்மா இருப்பதல்ல.

ரொம்ப நாள் இந்தக் கதையில் நான் என்னை ராமச்சந்திர பந்த் ஆகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே இருப்பவரின் கண் படாமலே காரியத்தை முடிக்கிறவன். எனக்குக் கீழே இருப்பவர்களுக்கு நான் யார் என்று யோசித்ததே இல்லை.

*

2021 நடுவில் என் டீமில் ஒரு பெண் சேர்ந்தாள். கல்லூரி முடித்த முதல் வேலை. வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். லேப்டாப் கூரியரில் போனது. ஒன்றரை வருஷம் நாங்கள் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. கேமராவை ஆன் செய்ய மாட்டாள். ஒருமுறை தவறிப்போய் ஆனபோது பின்னால் ஒரு தையல் மெஷினும், கட்டிலில் படுத்திருந்த பெரியவர் ஒருவரும் தெரிந்தார்கள். உடனே அணைத்துவிட்டாள். அவளுடைய புள்ளி பல நேரம் மஞ்சளாக இருக்கும். வாட்ச் வைக்கத் தெரியாது, அல்லது தெரிந்தும் வைக்கவில்லை.

2022இல் அலுவலகம் பாதித் திறந்தது. விரும்பினால் வரலாம். சென்னைப் பையன்கள் இரண்டு பேர் தினமும் போனார்கள். நான் மாதம் ஒருமுறை போவேன். போகும்போது அவர்களோடு டீ, மத்தியானச் சாப்பாடு. ஒருத்தன் நன்றாகப் பேசுவான். அவன் அம்மாவுக்குச் சர்க்கரை என்பது வரை தெரியும்.

வருஷக் கடைசியில் ரேட்டிங். எத்தனை பேர் எந்த அடுக்கு என்று மேலேயே முடிவு செய்துவிடுவார்கள். பெயர்களை நாம் நிரப்ப வேண்டும். கீழ் அடுக்குக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. காலில் இருந்த ஐந்து பேரும் ஒவ்வொருத்தரைப் பற்றியும் ஏதாவது சொன்னோம். அவளைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கெட்டதாக அல்ல, எதுவுமே வரவில்லை. "ரொம்ப சைலன்ட்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. யாரோ "விசிபிலிட்டி கம்மி" என்று அதை அலுவலக மொழியில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு நிமிடத்தில் அடுத்த பெயர்.

சேதியை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான். அன்றைக்குக் கேமராவை ஆன் செய்திருந்தாள். "இன்னா சார் கொறைஞ்சுது? சொன்னா சரி பண்ணிக்கிறேன்" என்றாள். எங்கள் பக்கத்துப் பேச்சு; அலுவலகத்தில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். நான் விசிபிலிட்டி என்ற சொல்லைத் திரும்பச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்படின்னா?" என்றாள். விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இரண்டு மாதத்தில் பேப்பர் போட்டாள். அவளுடைய வேலைகளை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்காக அப்போதுதான் நான் கமிட் வரலாற்றைத் திறந்து முதலிலிருந்து படித்தேன். பத்து வருஷ அனுபவத்தில் ஐந்து நிமிடம் பார்த்தாலே தெரியும். பல கமிட்டுகள் ராத்திரி பதினொன்றுக்கு மேல். கட்டிலில் இருந்தவர் தூங்கிய பிறகாக இருக்கலாம். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் பயன்படுத்திக்கொண்டிருந்த அந்தக் குறிப்பு ஆவணம், யாரோ ஆன்சைட்காரர் எழுதியதென்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவள் எழுதியது. நன்றாகப் பேசும் பையன் டெமோவில் காட்டிக் கைத்தட்டல் வாங்கிய ஒரு திருத்தத்தில் முக்கால்வாசி அவளுடையது. எல்லாம் ஒன்றரை வருஷமாக அங்கேயே இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். பார்ப்பதுதான் என் வேலை.

ஸ்டான்ஃபோர்டு பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ப்ளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் சீனாவின் சி-ட்ரிப் நிறுவனத்தில் நடத்திய சோதனையைப் பற்றி அதற்கப்புறம்தான் படித்தேன். கோவிட்டுக்கு ரொம்ப முந்தையது, 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து வேலை செய்த கால் சென்டர் ஊழியர்கள் 13 சதவீதம் கூடுதலாக வேலை செய்தார்கள். இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவோம். அதே ஆய்வில், அவர்கள் செய்த வேலையோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கிடைத்த பதவி உயர்வு குறைந்திருந்தது என்பதும் உண்டு. இதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. சோதனை முடிந்ததும் ஏறக்குறையப் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டார்கள். ப்ளூம் வேறு சிலரோடு சேர்ந்து பிறகு அதே நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துச் செய்து 2024இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு நாள் மட்டும் வீடு என்றபோது பதவி உயர்வில் வித்தியாசம் தெரியவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். ஹைபிரிட்டுக்கு ஆதரவாக இதைக் காட்டலாம். நானும் காட்டுகிறேன். ஆனால் எனக்கு முதல் ஆய்வின் அந்த ஒரு வரிதான் தங்கிவிட்டது. அங்கே அவர்களைப் பார்க்காமல் விட்ட மேனேஜர்கள் யாரோ அல்ல என்று பட்டது.

கணக்கைக் கூட்டிப் பார்த்தால் இப்படி வருகிறது. என் புள்ளி பச்சையாக இருந்தது, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவள் புள்ளி மஞ்சளாக இருந்தது, அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த வருஷம் எனக்கு மேல் அடுக்கு.

உடம்பைப் பார்க்காதே, வேலையைப் பார் என்று மேலே நோக்கிக் கத்திய நான் கீழே குனிந்து வேலையைப் பார்க்கவே இல்லை. இதில் கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த அடுக்கு முறை கேவலமானதுதான். ஆனால் அந்த காலில் அவள் பெயருக்கு எதிரே வாயைத் திறந்தது நான். வேலையைப் பார்ப்பது என்பது ஒரு வேலை. நேரம் எடுக்கும், அலுப்பாக இருக்கும், இன்னொருத்தருடைய கோடை வரிவரியாகப் படிக்க வேண்டும். அதைச் செய்யச் சோம்பல்பட்டால் கண்ணுக்கு முன்னால் யார் இருக்கிறார்களோ அவர்களைத்தான் பார்ப்போம். முழுக்க அலுவலகம் என்றால் அந்தச் சோம்பல் வெளியே தெரியாது. அங்கேயும் நன்றாகப் பேசுகிறவன்தான் மேலே போகிறான். நாம் அதைத் திறமை என்று நினைத்துக்கொள்கிறோம்.

*

இப்போது எங்களுக்கு வாரம் மூன்று நாள். திங்கள் விடிகாலை பஸ் பிடித்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. மூன்று நாள் தாம்பரம் பக்கம் இரண்டு பேரோடு ஒரு அறை. புதன் ராத்திரி திரும்பல். பஸ்ஸில் பாதிப் பேர் என்னை மாதிரித்தான், மடியில் லேப்டாப் பை, திறந்த வாய். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாளில் ஒரு நாள் முழுக்க எல்லாரும் காதில் மாட்டிக்கொண்டு, ஒரே அறையிலிருந்து ஒரே காலில் பேசுகிறோம். அதை ஏன் கிளாம்பாக்கம் வந்து செய்ய வேண்டும் என்று யாரும் விளக்கியதில்லை.

போன வருஷம் அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். என்ன நடந்ததென்று, நான் என்ன சொன்னேன், என்ன பார்க்கவில்லை என்று எல்லாவற்றையும் எழுதினேன். பத்துத் தடவை திருத்தி, கடைசியில் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டு அனுப்பினேன். அது அவளிடம் எதையோ கேட்பது மாதிரி இருந்தது. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "பரவால்ல சார்." அவள் இப்போது எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்க வாய் வரவில்லை. பரவாயில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தமில்லை என்பது தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரியும்.

இந்த ஏப்ரலில் ரேட்டிங்குக்கு முன்னால் டீமில் இருக்கும் ஆறு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்தேன். இரண்டு பேர் நேரில், நாலு பேர் திரையில். அவரவர் வருஷ வேலையை நானே கமிட்டிலிருந்தும் டிக்கெட்டிலிருந்தும் எடுத்து, ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம் பிடித்தது. மேலே கேட்டால் எதற்கு இவ்வளவு நேரம் என்பார்கள்; கேட்டார்கள். ஒரு பையனுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இவ்ளோ தோண்டிப் பாத்தா எப்படிண்ணா?" என்றான். அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. வாகியா நவீஸ் வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்டிருந்தால் திணறியிருப்பேன். எழுதியதை அவனிடமே காட்டினேன் என்பதைத் தவிர.

கடைசியாக வந்தது போன வருஷம் சேர்ந்த ஒரு பெண். லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். நிதானமாக, மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இரண்டு இடத்தில் தலையாட்டினாள். பிறகு ஏழாவது வரியில் விரலை வைத்தாள்.

"இது நான் பண்ணது இல்ல சார். அவன் பண்ணது. நான் ரிவ்யூதான் பண்ணேன்."

அவள் முன்னாலேயே அந்த வரியை வெட்டி அவனுடைய பக்கத்தில் ஒட்டினேன்.